தருமபுரித் தண்ணீரும் என் முகமும்

மார்ச் 9

முகம் கழுவிய கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் இழுத்துப் பிடிக்கிறது. நெற்றியும் மூக்கும் மட்டும் மதியத்துக்குள் எண்ணெய் வழிகிறது. கலப்புத் தோல் என்பார்களே, அதுதான். ஆனால் இந்த இழுப்புக்குத் தோலை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை எழாது, கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். எவ்வளவு அலசினாலும் அதில் கொஞ்சம் தோலிலேயே தங்கி உறுத்தும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10, அதாவது காரத்தன்மை கொண்டது.

அதனால் கழுவுவதிலிருந்து தொடங்குகிறேன். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் ஒரு சொம்பு முகத்துக்கென்று எடுத்து வைத்தாயிற்று. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடுக்குப் பயந்து குடிப்பதற்காக வந்த தண்ணீர், அதை வீணாக்க மனம் வராது. ஒரு சொம்பே போதும். காலையில் வெறும் தண்ணீர், இரவில் வாசனை இல்லாத, சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ்.

மார்ச் 16

கன்ன இழுப்பு குறைந்திருக்கிறது. இப்போது மாய்ஸ்சரைசர். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிளிசரின் உள்ள லேசான லோஷன். புதிதாக எதையும் நேராக முகத்தில் வைப்பதில்லை. முழங்கையின் உள்மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால்தான் முகத்துக்கு. ஒரே வாரத்தில் நாலு பொருளை ஆரம்பித்தால் எது ஒத்துக்கொண்டது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நாலு வாரம் ஆகும்.

நெற்றியோரப் பொடிப் பருவுக்குத் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிவதும் காரணமாகலாம். எண்ணெயை இனி குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடலாம். தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

மார்ச் 30

வெயில் ஏறிவிட்டது. வண்டியில் கிருஷ்ணகிரி ரோட்டில் போகும்போது காலை ஒன்பது மணிக்கே கை சுடுகிறது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாலும் கண்ணைச் சுற்றியும் மூக்கும் வெளியேதான். அதற்குத்தான் சன்ஸ்கிரீன். டியூபில் எஸ்பிஎஃப் 30 என்றிருந்தால், தோலைச் சுடும் யுவிபி கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், ஆனால் போதுமான அளவு பூசினால்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பட்டாணி அளவு எதற்கும் காணாது. வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். டியூபில் பிஏ பக்கத்தில் எத்தனை பிளஸ் என்றும் பார்க்க வேண்டும், அது தோலைக் கருக்க வைக்கும் இன்னொரு கதிரான யுவிஏ-வுக்கு.

வெளுப்பதற்காக இதைப் போடவில்லை. என் நிறம் எனக்குப் பிடித்த நிறம். கருந்திட்டு வராமல் இருந்தால் போதும்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்புக்கு பாலக்கோட்டிலிருந்து சித்தி வீடு வந்திருந்தார்கள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. கன்னம் இரண்டும் சிவந்து, தோல் கண்ணாடி மாதிரி மெலிந்து, உள்ளே பொடி ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. மேலுதட்டில் முடி அடர்ந்திருக்கிறது. கல்யாணப் பேச்சு எடுத்ததும் யாரோ சொன்ன க்ரீமை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, மாதக்கணக்கில் போட்டிருக்கிறாள்.

"அக்கா, விட்டா எரியுது, போட்டா சரியாயிடுது. அப்ப அது நல்ல க்ரீம்தானே?"

டியூபைத் திருப்பிப் படித்தேன். மொமெட்டசோன், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. பூசிய சில நாளில் பருவும் அடங்கும், முகமும் வெளுத்தாற்போல் இருக்கும், அதுதான் அதன் கவர்ச்சி. அப்புறம் தோல் அதற்குப் பழகிவிடும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களும் இதே கூட்டம்தான். தேமல், படர்தாமரைக்கு இவற்றைப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று 2018-இலேயே அரசு விதித்தும், கேட்டால் கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நல்லதும் இல்ல, நீயா நிறுத்துறதும் வேணாம். டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். நாளை மறுநாள் அரசு மருத்துவமனை தோல் ஓபிக்குக் கூட்டிப்போகிறேன். சித்தி "பொண்ணு பார்க்க வர்றாங்களே" என்று இழுத்தார். வரட்டும், தங்கச்சியின் முகம் முதலில் ஆறட்டும்.

ஏப்ரல் 27

அம்மா நலங்கு மாவு அரைத்திருக்கிறார். பச்சைப்பயறு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், காயவைத்த ஆவாரம்பூ. உடம்புக்கு அருமை. முகத்துக்கென்றால் நைசாகச் சலித்ததைத் தயிரில் குழைத்து, தேய்க்காமல் கழுவிவிடுவேன், வாரம் ஒருமுறை. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கறுத்துவிடும்.

மே 18

காவேரிப்பட்டணம் பக்கம் சித்தப்பா தோப்பில் காய் பறிக்கிறார்கள். காம்பை ஒட்டி ஒடித்தால் பீச்சி அடிக்கும் மாங்காய்ப் பால், பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். சின்னவனுக்கு உதட்டோரம் பட்டுவிட்டது. உடனே சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவினோம், அப்படியும் லேசாகக் கன்றியிருக்கிறது. நம் மாதிரி மாநிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளாமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் மங்கும்.

தங்கச்சியும் தோப்புக்கு வந்திருந்தாள், தொப்பி போட்டுக்கொண்டு. மருத்துவர் அந்த க்ரீமைப் படிப்படியாகத்தான் குறைக்கச் சொன்னார். இப்போது அவள் முகத்துக்கு ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், வேறெதுவும் கிடையாது. சில ராத்திரி இன்னும் எரிகிறதாம், ஈரத் துணி வைத்துக்கொள்கிறாள். முழுதாகச் சரியாக மாதங்கள் ஆகும் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். அடுத்த ஓபிக்கு சித்தியும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.