தண்ணீர்மலைக்கு ஒரு வழியாகப் போய் வந்தோம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் தண்ணீர்மலை என்று பெயர் வைத்த ஆட்கள் நிறைய. பங்காளிகள் சேர்ந்திருக்கும் எங்கள் வளவு வீட்டிலேயே இரண்டு பேர். சின்ன வயதில் அது குன்றக்குடி, பழனி மாதிரி ஏதோ ஒரு மலை, பஸ் ஏறினால் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கடல் தாண்டி மலேசியாவில், பினாங்கில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கல்லூரி வயது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஐயாக்கள் பகலெல்லாம் கிட்டங்கி என்கிற தொழிலிடத்தில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிவிட்டு, அருவிக்குப் பக்கத்து மலையில் இருந்த முருகனைக் கும்பிட்டு, ஊருக்கு வந்து பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஆத்தாவுக்கு ரொம்ப நாள் ஆசை. "உங்க ஐயா கால் வச்ச இடத்தை ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்பார்கள். சரி என்று போன ஆனியில் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

மலையடிவாரச் சாலையில் முதலில் வருவது நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். உள்ளே போனதும் ஆத்தா கொஞ்சநேரம் சாமியைப் பார்க்கவே இல்லை, கூடத்தின் நீளத்தைத்தான் பார்த்தார்கள். "இங்க எத்தனை பந்தி போட்டிருப்பாக!" தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனில் இருக்கும் நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் இங்கேதான் வருகிறது. அந்த ரதம் காரைக்குடியில் செய்து 1894ல் கப்பலில் போனது. வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். நாங்கள் போனது தைப்பூசம் இல்லாத நாள் என்பதால் கூட்டமே இல்லை, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

அப்புறம் மேலே. 513 படி. பாலதண்டாயுதபாணி இருக்கும் இந்த மலைக்கோயிலைப் பெரிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்தது 2012ல்தான், அதனால் கோபுரமும் படிகளும் புதுசாகப் பளிச்சென்று இருக்கின்றன. வெயில் என்றால் நம் ஊர் வெயில் இல்லை, புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஏன் ஆத்தா, முடியுமா?" என்று கேட்டதற்கு, "குன்றக்குடியிலேர்ந்து பழனிக்குக் காவடி கூடவே நடந்தவ நான், நீ முதல்ல ஏறு" என்றார்கள். படியை எண்ணிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் கணக்கில் 508 தான் வந்தது. நடுவில் ஒரு தமிழ்க்குடும்பத்தோடு எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு நின்றதை நான் சொல்லவில்லை.

தரிசனம் நிதானமாகக் கிடைத்தது. வெளியே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே ஜார்ஜ் டவுன், வெள்ளை வெள்ளையாக அடுக்குமாடிகள், அதற்கு அந்தப் பக்கம் கடல். ஆத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நம் ஊர்ப் பக்கமாம்.

எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கடல் கிழக்கு. அதற்கு அக்கரையில் மலேசியாவின் பெருநிலம்தான். நம் ஊர் மேற்கே, முதுகுக்குப் பின்னால், காடு மூடிய மலைக்கும் அப்பால். கடைசியில் சொல்லியே விட்டேன். நாகப்பட்டினத்துக் கப்பலுக்காகக் காத்திருந்த ஐயாவும் இங்கே நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஏங்கியிருப்பாரோ என்னவோ.

மறுநாள் ரயிலில் பினாங்குக் கொடிமலைக்கும் போனோம். அந்த ரயில் 1923லிருந்து ஓடுகிறது, உச்சியில் அங்கேயும் ஒரு முருகன், பக்கத்திலேயே பள்ளிவாசல். பாலமும் கடலும் நகரமும் இன்னும் விரிவாகத் தெரிந்தன, போட்டோவுக்கு அதுதான் இடம். ஆனால் ஆத்தாவுக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

தண்ணீர்மலையில் நான் திசையைச் சொன்னதும் ஆத்தா ஒன்றும் பேசவில்லை. மெதுவாகத் திரும்பி, காட்டுப் பக்கம் பார்த்து இன்னொரு தடவை கும்பிட்டார்கள். "அதையும் சேத்துக் கும்பிட்டாச்சு, வா, இறங்குவோம். இப்பச் சரியா எண்ணுறேன்."