பின்னணிக் கறை

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம், சிறுநீரகத் திசுச் சீவல்களில் நெஃப்ரின் என்ற புரதத்துக்கும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகைக்கும் சாயமேற்றிப் படமெடுப்பதுதான் என் வேலை. இரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸில் போடோசைட் செல்களின் கால்கள் விரல் கோத்தாற்போல் நிற்கும். நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி. அதன் குறுக்கே வலைபோல் கட்டியிருக்கும் புரதங்களில் முக்கியமானது நெஃப்ரின். நல்ல சிறுநீரகத்தில் அது தந்துகிகளின் ஓரமாக மெல்லிய இழைபோல ஒளிரும்.

ஒரு நாள் பார்த்த சீவலில் இழையைக் காணோம். மணல் தூவியதுபோல் பச்சைப் புள்ளிகள் மட்டும். நெஃப்ரினில் சாயம் ஒட்டப் பயன்படுத்தும் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அளவைக் கூட்டினேன், புதுக் குப்பியைத் திறந்தேன், மூன்று முறை திரும்பச் செய்தேன். நான்காவது முறைக்குத் தயாரானபோது மூத்த ஆய்வாளர் வந்து, "கன்ட்ரோலைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அதே கண்ணாடித் தகட்டின் மறுமுனையில், நல்ல திசுவில் கோடு பளிச்சென்று இருந்தது. சாயத்தில் கோளாறில்லை. நோய்தான் அப்படி.

அதுவரை அழற்சி என்றால் எனக்கு வெள்ளணுக்கள் வந்து குவிவதுதான். அவை நுழையவே, இரத்தக்குழாய்ச் சுவரின் செல்களைப் பிணைத்திருக்கும் விஇ-கேதெரின் தளர்ந்து வழிவிட வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்த இணைப்புப் புரதங்களைச் செங்கல்லுக்கு நடுவே உள்ள சிமென்டோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. சிமென்ட் உதிரும், அவ்வளவுதான். இவை அப்படிச் சும்மா இருப்பவை அல்ல. செல்லுக்குச் செல் சேதி கடத்தும் இணைப்புப் புரதமான கனெக்சின் 43-ஐப் பாருங்கள்: அழற்சி கண்ட சிறுநீரகத்தில் அது கூடுகிறது. எலிகளில் அதைக் குறைத்தால் சேதமும் குறைகிறது.

மினிமல் சேஞ்ச் (மிகச் சிறிய மாற்றம்) என்ற சிறுநீரக நோய் இன்னும் விசித்திரம். சாதாரண நுண்ணோக்கியில் குளோமெருலஸுக்கு ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். பெயரே அதனால் வந்ததுதான். மின்னணு நுண்ணோக்கியில்தான் போடோசைட் கால்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும். 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரின் உடல், தன் நெஃப்ரினுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கிறது. திசுவில் அந்த ஐஜிஜி மெல்லிய தூசியாக, நெஃப்ரின் இருக்கும் இடத்திலேயே படிந்திருக்கிறது.

படித்த கையோடு பழைய தகடுகளைத் தேடி எடுத்தேன். ஒளிர்வு எப்போதோ மங்கிவிட்டிருந்தது. படங்கள் கணினியில் இருந்தன. ஐஜிஜி படங்கள் சிலவற்றில் அதேபோல் ஒரு தூசி. பக்கத்தில் நானே தட்டி வைத்திருந்த குறிப்பு: "பின்னணிக் கறை, பொருட்படுத்த வேண்டாம்."