துரை பாலம் தாண்டினான்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று அத்தை பிடித்த பிடியில், எல்லா வேலையும் இந்த ஒரு வாரத்துக்குள் வந்து விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். சனி, ஞாயிறு லோரி. பட்டர்வொர்த் தரைவீட்டைக் காலி செய்துவிட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் குளுகோரில் ஓர் அடுக்குமாடிக்குப் போகிறோம். மின்தூக்கியில் எங்கள் மாடியின் எண் 13ஏ. பதினான்கு என்று சொன்னால் சீனர்களுக்கு ஆகாதாம்.

என் கவலையெல்லாம் துரையைப் பற்றித்தான். எட்டு வயது ஆண் பூனை, குட்டியிலேயே கருத்தடை ஆனவன். மாலையில் அவன் மதில்மேல் நடந்து வரும் மிடுக்கைப் பார்த்துவிட்டு, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த மாமா, "துரை பெரட்டுக்கு வர்ற மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. (பெரட்டு என்றால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு, துரை தோட்ட மேலாளர்.) ஐந்தாறு வீட்டு மதில், ஒரு கால்வாய், எதிர்வீட்டு மாமரம், இவ்வளவும் அவன் ராஜ்யம். இனிமேல் கதவு சாத்திய வீடு.

கூண்டை இன்றே ஸ்டோரிலிருந்து எடுத்து, கதவைக் கழற்றி, அவன் படுக்கும் பழைய துண்டை உள்ளே போட்டு ஹாலில் வைத்துவிட்டேன். கிளினிக்குக்குப் போகும் நாளில் மட்டும் கூண்டு கண்ணில் பட்டால் துரை காருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒரு வாரம் அது ஹாலிலேயே கிடந்தால் அதுவும் ஒரு நாற்காலி, மேசை. துண்டைத் துவைக்கவில்லை. துவைக்கவும் விடமாட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பால் பொங்கியது. பசுவும் கன்றும் முதலில் நுழைய வேண்டும், மாடிவீட்டுக்கு அதற்கு வழியில்லை, துரையையாவது கூட்டி வந்திருக்கலாம் என்று அத்தைக்குக் குறை. "பசுவுக்குப் பதில் பூனையா? ஐயரே ஓடிப்போயிடுவாரும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

வந்தவர்களில் ஒருவர் பெரிய பூங்கொத்து கொடுத்தார். நடுவில் லில்லி. பூனை இருக்கிற வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது. இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர், எது வயிற்றுக்குள் போனாலும் சிறுநீரகம் கெட்டு இரண்டு மூன்று நாளில் உயிரே போகலாம். துரை இன்னும் வரவில்லைதான், ஆனாலும் மகரந்தம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால்? அவர் கிளம்பும்வரை பூவைப் பலகணியில் வைத்திருந்து, பிறகு கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மலேசிய தினத்துக்கு முந்தின நாளும் இந்த ஆண்டு விடுமுறை. துரைக்காகவே ஒதுக்கினோம். கட்டில் பூட்டுவது, அலமாரி நகர்த்துவது எல்லாம் முடிந்து, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் பூனை வர வேண்டும். லோரி நாளில் வாசல் கதவு திறந்தே கிடக்கும். அன்றைக்குப் பூனை நழுவித் தொலைவது எளிது.

காலையில் சாப்பாடு போடவில்லை, காரில் வாந்தி எடுப்பான். கூண்டின்மேல் பழைய சாரோங்கைப் போர்த்தி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே குரலில் கத்திக்கொண்டு வந்தான். "எடுத்து மடியில வச்சுக்கோயேன்" என்று அவர் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். ஓடுகிற காரில் மிரண்ட பூனை பிரேக்குக்கு அடியில் நுழைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், அப்புறம் பேசவில்லை.

சின்ன அறைதான் அவனுக்கு. பழைய சோபா உறை, மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலையில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. கூண்டைத் திறந்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறான். தட்டில் வைத்தது வைத்தபடி.

வீட்டில் ஆளாளுக்கு உபசாரம். மகன் பெட்டியின் முன்னால் குப்புறப் படுத்து "துரை, வெளியே வாடா" என்று கெஞ்சுகிறான். அத்தை வாசலில் நின்று பாட்டுப் பாடுகிறார். வீட்டுக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினால் பயம் தெளியும் என்கிறார். வீடு வாங்க வந்திருக்கிறானா என்ன, சுற்றிக்காட்ட? பயந்த பூனைக்கு ஒளிந்துகொள்வதுதான் மருந்து. ஹாலந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்குப் பெட்டி கொடுத்தும் மீதிக்குக் கொடுக்காமலும் பார்த்திருக்கிறார்கள். பெட்டி கிடைத்தவைதாம் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. 2014-இல் வந்த ஆய்வு. இதைச் சொல்லி எல்லாரையும் விரட்டினேன். அறைக்குள் போவதென்றால் ஒருவர் மட்டும், தரையில் உட்கார வேண்டும், அவனை உற்றுப் பார்க்கக் கூடாது.

மாலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கும், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம், நாளை இரவும் சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்றார். துரை குண்டு.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி முதல் நாள். அடுப்படியைக் கழுவிப் புதுப் பாத்திரம் இறக்கியாயிற்று, ஒரு மாதம் சைவம். பட்டர்வொர்த்தில் துரைக்குத் தினமும் சாயங்காலம் அவித்த கெம்போங் மீன் உண்டு. பூனைக்கு ஊரை மாற்றும்போது சாப்பாட்டையும் சேர்த்து மாற்றக் கூடாது. அத்தையோ, "அவனும் ஒரு மாசம் தயிர்ச்சோறு சாப்பிடட்டுமே" என்கிறார். நாய்கூட ஓரளவு சமாளிக்கும். பூனை மாமிசம் இல்லாமல் பிழைக்காது. டோரின் என்ற சத்து இறைச்சியில்தான் கிடைக்கிறது, பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது, குறைந்தால் கண்ணும் இருதயமும் போகும். அத்தை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா என் அடுப்புல இல்ல" என்றார்.

எதிர்வீட்டு மக்சிக்கிடம், அந்த மலாய்க்கார அம்மாவிடம், தயங்கித் தயங்கிச் சொன்னேன். "காசிஹான்" (பாவம்) என்று உச்சுக்கொட்டிவிட்டு, தன் வீட்டிலேயே இரண்டு மீனை அவித்து, முள் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து நீட்டினார். வாங்கின இடத்தை மறக்காமல் எழுதி வைக்கிறேன்: காலைச் சந்தை, மூன்றாவது கடை, மக்சிக்குக்கு அங்கேதான் நம்பிக்கை.

இரவு பதினொரு மணிக்கு மேல் அறையிலிருந்து தட்டு நகரும் சத்தம். எல்லாரும் ஹாலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம், அத்தை உட்பட.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாப்பாடு சரியாகிவிட்டது. இப்போது மூத்திரம். மணல் தட்டை விட்டுவிட்டு, பிரிக்காத துணிப்பையின்மேல் போயிருக்கிறான். அவன் ஆயுளில் தட்டு என்பதைக் கண்டதில்லை, கறிவேப்பிலை மரத்தடி மண்தான் வழக்கம். சாவி கொடுக்க அக்கரைக்குப் போன வீட்டுக்காரரிடம் அந்த மரத்தடி மண்ணில் ஒரு வாளி எடுத்துவரச் சொன்னேன். கடை மணலோடு அதைக் கலந்து நிரப்பியதும் மோந்து பார்த்தான், தோண்டினான், உட்கார்ந்தான். நாளாக நாளாக மண்ணைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

துணிப்பை இருந்த இடத்தைத் துடைக்க, தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகக் கலங்குமே, அந்தக் கிருமிநாசினியை எடுத்து வந்தார் அத்தை. அது பூனைக்கு நஞ்சு. அதன்மேல் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். அமோனியா கலந்ததும் வேண்டாம், மூத்திர வாடைதான் அதற்கும், திரும்ப அங்கேயே போவான். என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கிறது.

இன்னொன்று. ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுகூட வராவிட்டால் அது அடம் இல்லை, அடைப்பு. மன உளைச்சலில் வரக்கூடியது. நள்ளிரவானாலும் டாக்டரிடம் ஓட வேண்டும். அதனால் தினமும் மணலில் எத்தனை கட்டி என்று பார்த்துவிடுகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கதவு விளிம்பில் கன்னத்தைத் தேய்த்தான்!

பூனைக்குக் கன்னத்திலும் மோவாயிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அங்கே உரசி உரசித்தான் ஓர் இடத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளும். நமக்கு அந்த வாசனை தெரியாது. புது வீட்டில் அவன் வாசனை எங்கேயும் இல்லை, பெயிண்டும் வார்னிஷும்தான். அதனால்தான் துண்டையும் சோபா உறையையும் துவைக்கவிடாமல் காவல் காத்தேன். இரண்டு நாளாக, தூங்கும்போது அவன் கன்னத்தை மெல்லிய துணியால் தடவி, அதைக் கதவுச் சட்டத்திலும் நாற்காலிக் காலிலும் பூனை உயரத்தில் தேய்த்து வந்தேன். அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து ஃபெலிவே என்ற பெயரில் பிளக்கில் மாட்டும்படி விற்கிறார்கள். துணி இலவசம்.

மகனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தூரத்தில் உட்கார்ந்து, துரை பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். பூனையும் பதிலுக்கு அப்படியே செய்யும், நெருங்கியும் வரும் என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மகன் அங்கேயே தூங்கிவிட்டான்.

அக்டோபர் 4, சனி

அறைக் கதவை இரவில் மட்டும் திறந்து வைத்ததில் ஆரம்பித்து, இப்போது ஹாலும் அடுப்படியும் அவனுடையவை. அத்தையின் படையலை வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தான். வடை கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

விடியற்காலை நான்கு மணிக்கு வாசல் கதவருகே நின்று ஊளை. பழைய வீட்டில் ரோந்து போகிற நேரம் அது. கீழ்மாடிக்காரர் மின்தூக்கியில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "உங்க வீட்டுல குழந்தை பிறந்திருக்கா?" என்று. சிரிப்பு இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். அடுத்தவருக்குத் தொல்லையாகும் பிராணியை அடுக்குமாடியில் வைத்திருக்கக் கூடாது, எழுத்தில் அறிவிப்பு வந்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும் என்பது 2015-இல் வந்த ஸ்திராத்தா, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாக விதிமுறை.

எழுந்து போய்ச் சமாதானம் செய்தால் நாளைக்கும் கத்துவான். அதனால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. இரவு பத்து மணிக்கு மகன் கயிற்றில் கட்டிய துணி எலியை இழுத்து ஓடவிட்டு, துரைக்கு மூச்சு வாங்கும்வரை விளையாட்டு. அதன் பிறகுதான் மீன். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பது பூனைக்குப் பழகிய வரிசை. நேற்று ஐந்தரை வரை தூங்கினான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பட்டாசு நேற்று இரவே தொடங்கிவிட்டது. சின்ன அறையின் திரையை இழுத்து மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, துணி அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்துவிட்டிருந்தேன். அங்கேயே போய்ப் படுத்தான். கதவில் மகன் கைப்படப் பெரிய எழுத்தில், "துரை உள்ளே. திறக்காதீர்கள்."

திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த பிள்ளைகள் அந்தக் கதவையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி, "ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன் ஆன்ட்டி" என்றாள். நான் வாய் திறக்குமுன் அத்தை குறுக்கே வந்து, "அவனா வந்தா பாரு, நாமளா போகக் கூடாது" என்று முறுக்குத் தட்டை நீட்டினார்.

அக்டோபர் 25, சனி

துரையின் தோலுக்கு அடியில் இருக்கும் அடையாளச் சிப்பின் பதிவில் இன்னும் பட்டர்வொர்த் முகவரிதான். 15 இலக்க எண்ணைச் சொல்லிப் புது முகவரியையும் என் போன் எண்ணையும் மாற்றச் சொன்னேன். பழைய தகவல் இருக்கும் சிப்பால் யாருக்கும் பயனில்லை.

பலகணி இன்னும் பூட்டியே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குயில் கத்தினால் இவன் வால் துடிக்கிறது. பூனை எப்படி விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று அதைத் திறக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். காலில் நிற்கலாம், தாடையும் நெஞ்சும் உடைந்து நிற்கும். வியாழக்கிழமை வலை அடிக்க ஆள் வருகிறார். துளை போடும் சத்தம் முடியும்வரை துரைக்கு மறுபடியும் சின்ன அறை, மீன் மட்டும் நேரத்துக்கு.