ஒரு ராண்ட் எண்பது சென்ட்

ஆடிக் கூழுக்கு இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல "போரிட்ஜ் பிரேயர்"னு பேரு. மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்திட்டு இருந்தாங்க, நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு வரிசைல நிக்கறேன், பின்னாடி இருந்து தோளைத் தட்டறாரு எங்க தெரு அங்கிள். ஒரு கைல டம்ளர், இன்னொரு கைல போனு. "தம்பி, சென்ஸ் வந்துருச்சு, ஆஃபர் போட்டுட்டான்" அப்படிங்கறாரு. சென்ஸ்னா ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தைல கம்பெனிங்க போடற அறிவிப்பு. அம்மன் சன்னிதியா இருந்தாலும் அது வந்தா அவருக்கு அதுதான் முதல்.

அங்கிள் யாருன்னா, டர்பன் தெக்குல இருக்கற மெர்பேங்க்லயே பொறந்து, பக்கத்து எண்ணெய் ரிஃபைனரில வேலை பாத்து, ரிட்டயர் ஆனவர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், அவருக்குத் தமிழ் பாதி இங்கிலீஷ் பாதிதான் வரும், நான் இங்க முழுசாத் தமிழ்ல எழுதிடறேன். நான் விருதுநகர்லேர்ந்து வேலைக்கு வந்தவன். எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சது ஒரு சின்ன நிலக்கரி கம்பெனியோட ஷேர். பேர் வேணாம், இப்ப அது மார்க்கெட்லயும் இல்ல.

அதை ஏன் வாங்குனோம்னு கேட்டா வெட்கமா இருக்கு. 2023 ஜனவரி, லோட்ஷெடிங் ஸ்டேஜ் 6, அதாவது முறை வச்சுக் கரண்டை நிறுத்தறது உச்சத்துல இருந்த நேரம், ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து, கரண்டே இல்லாத ஊர்ல நிலக்கரி வச்சிருக்கறவன்தானே ராஜா அப்படின்னு நானே ஒரு கணக்குப் போட்டு 4.20 ராண்டுல 12,000 ஷேர் வாங்கினேன். 50,400 ராண்ட். பொண்டாட்டி இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லி எடுத்து வச்ச காசு அது. ஏற்றுமதி நிலக்கரி விலைக்கும் எங்க வீட்டுல பல்பு எரியறதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறது அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு, அதுக்குள்ள 2024 மார்ச் கடைசில லோட்ஷெடிங்கும் நின்னு பத்து மாசம் ஒரு நாள் கூட கரண்ட் போகல, ஷேர் மட்டும் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு.

எங்களை எல்லாம் கெடுத்தது துங்கேலா. ஆங்கிலோ அமெரிக்கன்ங்கற பெரிய சுரங்கக் கம்பெனி 2021 ஜூன்ல தன்னோட நிலக்கரி சுரங்கங்களைத் துங்கேலான்னு தனிக் கம்பெனியாப் பிரிச்சு விட்டுச்சு, பத்து ஆங்கிலோ ஷேருக்கு ஒரு துங்கேலா. முதல் நாள் இருபது சொச்சம் ராண்டுக்கு ஆளாளுக்கு வித்துத் தள்ளினாங்க, நிலக்கரியாவது ஒன்னாவதுன்னு. அப்புறம் உக்ரைன் போர் வந்து நிலக்கரி விலை கூரையைப் பிச்சிக்கிட்டுப் போக, 2022-க்கு மட்டும் அரையாண்டுல 60, கடைசில 40, ஆக ஒரு ஷேருக்கு 100 ராண்ட் டிவிடெண்ட், அதாவது லாபத்துல பங்கு! வாங்கின விலையைப் போல நாலு அஞ்சு மடங்கு ஒரே வருஷ டிவிடெண்டா. என் ஆபீஸ்ல ஒருத்தர் முதல் வாரமே வித்துட்டவரு, இன்னைக்கும் அவர் முன்னாடி அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம். நாங்க வாங்கினது எல்லாம் முடிஞ்சப்புறம். விலை இறங்க ஆரம்பிச்சிருச்சு, சரக்கு ரயிலும் சரியா ஓடல, ரிச்சர்ட்ஸ் பே துறைமுக டெர்மினல் வருஷத்துக்கு 91 மில்லியன் டன் அனுப்பற மாதிரி கட்டினது, 2023-ல போனது 47 மில்லியன்தான். எங்க சின்னக் கம்பெனி கரியைத் தோண்டி எடுத்து மலை மாதிரி குவிச்சு வச்சுக்கிட்டு ரயிலுக்குக் காத்திருந்துச்சு.

ஷேர் 1.35-க்கு வந்து உக்காந்தப்பதான் அந்த அறிவிப்பு வந்துச்சு. பேச்சுவார்த்தை நடக்குது, முடிஞ்சா ஷேர் விலையைப் பாதிக்கலாம், பங்குதாரர்கள் ஜாக்கிரதையா இருக்கவும். இங்க இதுக்கு "காஷனரி"ன்னு பேரு, ஆறு வாரத்துக்கு ஒருக்க புதுப்பிச்சுக்கிட்டே இருப்பான், எங்களுக்குப் பண்டிகை மாதிரி. யார் வாங்கறா? இந்தியாக்காரன்னு ஒருத்தன், சீனாக்காரன்னு ஒருத்தன். சேர்மன் லண்டன் போயிருக்காருன்னு ஒரு தகவல் (பேரன் பொறந்ததைப் பாக்கப் போயிருந்தாராம், பின்னாடி தெரிஞ்சுது). அந்த சமயம் பாத்து 2025 மே மாசம் ஃப்ரீ ஸ்டேட்ல ஹீலியம் எடுக்கற ரெனர்ஜென் கம்பெனியை அமெரிக்க ஏஎஸ்பி ஐசோடோப்ஸ் ஷேருக்கு ஷேர் கொடுத்து வாங்கிக்கறேன்னு சொல்லவும், அடுத்தது நம்மதான்னு முடிவே பண்ணிட்டோம்.

அங்கிள்கிட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கு, நீல அட்டை. கம்பெனிகிட்ட இருக்கற ரொக்கத்தை மொத்த ஷேரால வகுத்து 62 சென்ட்னு எழுதி அதைச் சுத்தி வட்டம் போட்டிருப்பாரு. அதுல பாதி கொடுத்தாக் கூட 31 சென்ட். டிவிடெண்ட் வரி 20% போனா 24.8. அதுக்குப் பக்கத்துல இன்னொரு வட்டம், பை-அவுட் விலை, அதாவது யாராவது மொத்தக் கம்பெனியையும் வாங்கினா ஒரு ஷேருக்குக் கிடைக்கும்னு அவர் நெனச்ச விலை, 3 ராண்ட், அதையும் இதையும் கூட்டி அடில ரெண்டு கோடு. இங்க வழக்கமா டிவிடெண்ட் வாரத்துல செவ்வாய்க்கிழமைக்குள்ள ஷேர் வாங்கியிருந்தாத்தான் அது வரும், புதன்கிழமை வாங்கினா கிடையாது, அதனால செவ்வாய்க்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமான்னு வேற கேப்பாரு. அறிவிக்கவே அறிவிக்காத டிவிடெண்டுக்கு!

நான் மட்டும் என்ன, நானும் அந்தக் கூட்டலை நம்பினவன்தான். அதுல இருந்த ஓட்டை ஒரு நாள் கார் ஓட்டிட்டுப் போறப்ப திடீர்னு தெரிஞ்சுது. கம்பெனில 61% ஒரே ஆள்கிட்ட இருக்கு. போர்டுல அவர் ஆளுங்கதான். பாக்கி 39%-ஐ வாங்கணும்னு அவரே நெனச்சா, அவருக்கு ஷேர் விலை ஏறணுமா இறங்கணுமா? டிவிடெண்ட் கொடுத்தா விலை ஏறும், காசும் வெளிய போகும், அதுல 39% நம்ம கைக்கு வரும். கொடுக்காம வச்சிருந்தா மொத்தக் கம்பெனியோட அந்த ரொக்கமும் சேர்ந்து அவர் கைக்குப் போகும். இந்தியாக்காரனும் வரல சீனாக்காரனும் வரல, வாங்கப் போறவன் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கான், கல்லாச் சாவியும் அவன் இடுப்புலதான். டிவிடெண்டும் பை-அவுட்டும் ஒன்னா வரும்னு கூட்டிக்கிட்டு இருந்தோம், ஒன்னு வரணும்னா இன்னொன்னு நிக்கணும்.

இதை அங்கிள்கிட்ட சொன்னப்ப ஒத்துக்கல. "நீ ரொம்ப சந்தேகப்படற, தம்பி" அப்படின்னாரு. அவர் பாத்த உலகம் அப்படியில்லன்னும் சொல்ல முடியாது. டர்பன் தெக்குல ரெண்டு ரிஃபைனரி, ரெண்டுமே கண்ணு முன்னாடி மூடிப் போச்சு. அதுல சாப்ரெஃப், நாளைக்கு 180,000 பீப்பாய் சுத்திகரிச்ச இடம், ஷெல்லும் பிபியும் சேர்ந்து 2024-ல அரசாங்கத்தோட சென்ட்ரல் எனர்ஜி ஃபண்டுக்கு வித்த விலை ஒரு ராண்ட். ஒரே ஒரு ராண்ட், வெள்ளத்துல ஊறிப் போன இடத்தோட பொறுப்பெல்லாம் சேத்து. அதைப் பேப்பர்ல படிச்ச அன்னைக்கு அங்கிள் ரொம்ப நேரம் பேசல. அப்படிப்பட்டவர் தன்னோட ஒரு ஷேருக்கு 3 ராண்ட் வரும்னு நம்பினது எனக்கு இன்னமும் புரியல.

சரி, கூழுக்கு வருவோம். ஆஃபர் 1.80. கொடுக்கறது அதே 61% ஆசாமி. "33% பிரீமியம்"னு தலைப்புலயே போட்டிருந்தான். 1.35-க்கு மேல 33%, சரிதான், 4.20-க்கு வாங்கினவனுக்கு அது என்ன பிரீமியம்? கூடவே ஒரு வரி, ஆஃபர் முடியறதுக்குள்ள ஏதாவது டிவிடெண்ட் அறிவிச்சா அது இந்த 1.80-லேர்ந்து கழிச்சுக்கப்படும். நான் அந்த வரியை விரலால தொட்டுக் காட்டினேன். அங்கிள் கண்ணாடியைத் தூக்கி ரெண்டு தடவை படிச்சாரு, டம்ளரைக் கீழ வச்சாரு.

ஆஃபரோட விவரமெல்லாம் போட்டு பங்குதாரர்களுக்கு சர்க்குலர்னு நூத்துச் சொச்சம் பக்கம் வந்துச்சு. சுயேச்சை நிபுணர்னு ஒருத்தரை வச்சுக் கருத்து வாங்கணும், அது இங்க சட்டம். அவர் சொன்னது என்னன்னா, விலை நியாயமில்ல, ஆனா ஏத்துக்கறது ஏற்புடையது! நான் சிரிச்சு சிரிச்சு பொண்டாட்டி எழுந்து வந்துட்டா. அப்புறம் பாத்தா அந்த வார்த்தைக்குச் சட்டத்துலயே அர்த்தம் இருக்கு, கம்பெனியோட உள் மதிப்புக்குக் கம்மியா இருந்தா நியாயமில்ல, மார்க்கெட் விலைக்கு மேல இருந்தா ஏற்புடையது. அதாவது உன் பசுமாட்டுக்கு இது விலையில்ல, ஆனா சந்தைல இதைக் கூட எவனும் கேக்கல.

இதுல ஒரு விஷயம் மட்டும் எங்களுக்கு சாதகமா இருந்துச்சு. இந்த ஆஃபர் வந்தது "ஸ்கீம்"ங்கற வழில, அதாவது ஓட்டெடுப்புல பாஸ் ஆனா வேணாம்னவன் ஷேரும் சேந்து போயிடும். 2008 கம்பெனிச் சட்டப்படி இந்த மாதிரி ஸ்கீமுக்கு ஓட்டுப் போடறவங்கள்ல 75% சரின்னு சொல்லணும், வாங்கற ஆளோட ஓட்டை அதுல எண்ணக் கூடாது. 61% இருந்தும் அவர் கை கட்டிக்கிட்டு நிக்கணும். மிச்ச 39%-ல ஓட்டுப் போட வந்தவங்கள்ல கால்வாசிக்கு ஒரு ஓட்டு கூட இருந்தா கதை முடிஞ்சுது. வேணாம்னு ஓட்டுப் போட்டவன் கோர்ட்ல நியாய விலை கேக்கவும் வழி இருக்கு, ஆனா முன்னாடியே எழுத்துல எதிர்ப்புக் கொடுத்திருக்கணும். என் 12,000 ஷேருக்கு வக்கீலா, அதை விடுங்க. ஓட்டாவது போடுவோம்னு நானும் அங்கிளும் முடிவு பண்ணோம், அங்கிள் நோட்டுல தேதி எல்லாம் எழுதிக்கிட்டாரு.

அந்தத் தேதிதான் தப்பு. சர்க்குலர்ல இருந்தது கூட்டத்தோட தேதி. எங்களுக்கு ஷேர் இருந்தது புரோக்கர் ஆப் வழியா, அதனால நாங்க நேரா ஓட்டுப் போட முடியாது, புரோக்கர்கிட்ட சொல்லணும், அவன் வேற கட்-ஆஃப் வச்சிருந்தான், ரொம்ப முன்னாடியே. ஈமெயில் அனுப்பியிருக்கான். என்னோடது ப்ரொமோஷன்ஸ்ல பீட்சா தள்ளுபடிக்கும் செருப்பு தள்ளுபடிக்கும் நடுவுல கிடந்துச்சு. அங்கிளோடது எந்த ஈமெயிலுக்குப் போச்சுன்னு அவருக்கே தெரியல. ஆப்ல பட்டனை அழுத்தினா சாம்பல் கலர்ல அப்படியே நிக்குது. கஸ்டமர் கேர் பொண்ணு ரொம்ப மரியாதையா "சார், க்ளோஸ் ஆயிருச்சு"ன்னா. ரெண்டு வருஷம் தினம் காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி சென்ஸ் பாத்தவங்க நாங்க.

79% ஆதரவோட ஸ்கீம் பாஸ் ஆச்சு. ஒரு திங்கக்கிழமை காலைல 21,600 ராண்ட் அக்கவுண்ட்ல விழுந்துச்சு, ஆப்ல அந்தக் கம்பெனி பேர் இருந்த இடம் காலி. சாயங்காலம் அங்கிள் வீட்டுக்குப் போனேன். நோட்டு மேசை மேல திறந்து கிடந்துச்சு. அந்த ரெண்டு வட்டத்தையும் அடிக்கல, கிழிக்கல. அடுத்த பக்கத்துல 79-க்கு எதிரா 21-னு எழுதி, 25-க்கு எத்தனை ஷேர் கொறைஞ்சுதுன்னு வகுத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "உன்னோடது எத்தனை தம்பி, 12,000-மா?" அப்படின்னு கேட்டுட்டு அதையும் எழுதிக்கிட்டாரு.