மெட்டு ஏறும் முன் இடது காலைப் பழக்குங்கள்

போடியில் கார் பழகுபவர்கள் சமதள ரோட்டில் பழகுகிறார்கள். லைசென்ஸ் வந்ததும் வண்டியைத் திருப்புவது என்னவோ போடிமெட்டுக்கு. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிய பிறகும் பூப்பாறை வரைக்கும், அதற்கு அப்பாலும் ஏற்றமும் இறக்கமும்தான். அங்கே புதியவர்களைத் திணற வைப்பது ஸ்டீயரிங்கை விட கிளட்ச்தான். எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸ் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அந்த 30 நாளில் பாதியையாவது ஒரு சரிவில் செலவிடுங்கள், லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

முதலில் சீட். கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் பெடலை மெதுவாக விட முடியாது, பாதி வழியில் நழுவும். வழுக்கும் ரப்பர் செருப்பும் வேண்டாம்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிளேட் விடுபடும், காலை எடுத்தால் இறுகும். இறுகத் தொடங்கும் இடத்தைத்தான் 'வண்டி பிடிக்குது' என்று சொல்வார்கள். பெடலின் மொத்த அசைவில் அது ஒரு விரல்கடை அளவுதான். வண்டிக்கு வண்டி மாறும், பிளேட் தேயத் தேய இன்னும் மேலே போகும். அதைக் கண்டுபிடிக்க, சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி நகரத் தொடங்கும். அங்கேயே காலை இரண்டு நொடி நிறுத்திவிட்டு மீதியை விடுங்கள். ஒரே மூச்சில் விட்டால் ஐட்லிங்கில் 800 ஆர்பிஎம் அளவில் ஓடும் இன்ஜின் பாரம் தாங்காமல் ஆஃப் ஆகிவிடும். இருபது முறையாவது செய்தால்தான் கால் அந்த இடத்தை மறக்காது.

இனி ஏற்றம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தி, கிளட்சை மிதித்து முதல் கியர் போடுங்கள். லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி பிடிக்கும் இடம் வரை கிளட்சை விடுங்கள். இன்ஜின் சத்தம் இறங்கி பானெட் சற்றே தூக்குவது தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். வண்டி பின்னால் போனால் கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி முதலிலிருந்து. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி அழுத்தக் கூடாது, பிளேட் கருகும். பொசுங்கிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி பத்துப் பதினைந்து நிமிடம் ஆற விடுங்கள். செக்போஸ்ட் வரிசையில் ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே, வண்டியைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்கு பிளேட் சீக்கிரம் போய்விடும். அங்கே நியூட்ரலும் ஹேண்ட்பிரேக்கும்தான் சரி.

வளைவுக்கு உள்ளே கியர் மாற்றாதீர்கள். நுழைவதற்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். ஆள் நிறைய இருந்தால், வளைவு செங்குத்தாக இருந்தால், வண்டியை நன்றாக மட்டுப்படுத்தி முதலுக்கு. வளைவின் நடுவில் கிளட்சை மிதித்தால் அந்த நொடியில் இழுவை அறுந்து வேகம் செத்துவிடும், கியர் மாற்றும் கையும் ஸ்டீயரிங்கில் இருக்காது. மேலிருந்து பஸ் திரும்புகிறதென்றால் வளைவுக்குக் கீழேயே நில்லுங்கள். பஸ்ஸுக்கு முழு அகலமும் வேண்டும். குறுகலான மற்ற இடங்களில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விரைந்து ஏறும், சாயங்காலம் அதே போல இறங்கும். பழகுபவர்கள் அந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிடுவது நல்லது.

இறக்கம்தான் உண்மையில் ஆபத்து. ஏறிய அதே கியரில்தான் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது தவறான கணக்கு. கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரியும். சாவியை அணைத்தால் இன்னும் மோசம். ஒன்றிரண்டு மிதியில், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டர் காலியாகி பிரேக் கல்லாகும், சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் பேடு சூடேறிப் பிடிமானம் குறையும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்தத் தாங்கும் அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். மலையில் ஓட்டுபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். வளைவுக்கு முன் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். விடும் இடைவெளியில்தான் அது ஆறும்.

சரிவில் நிறுத்தினால், மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். சக்கரத்துக்கு அண்டைக்கல் ஒன்று. கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள், பின்னால் பைக்கில் வருபவர் அதில் ஏறி விழுவார்.

முந்தலில் இறங்கியதும் சக்கரத்தில் கருகல் வாடை வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் டிஸ்க் கோணலாம், பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். கியரில் நிறுத்தி, அண்டைக்கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள்.