தளம் போடக் காத்திருந்த நாட்கள்

அக்டோபர் 9, வியாழன்

மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) அடித்துக் கம்பி கட்டி முடித்து ஐந்து நாட்களாகின்றன. ஐந்து நாட்களும் பிற்பகலில் மழை. காலை வெயிலைப் பார்த்ததும் நான் மேஸ்திரியை அழைப்பதும், "மத்தியானம் தாண்டட்டும் சார்" என்று அவர் போனை வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இன்று ஏணி ஏறிப் பார்த்தபோது கம்பிகள் செம்பழுப்பாகியிருந்தன. கையில் ஒட்டும் அளவிலான மெல்லிய துரு காங்கிரீட்டின் பிடிப்பைக் கெடுக்காது என்றும், செதில் செதிலாக உதிர்வதை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும் என்றும் பொறியாளர் சொன்ன பிறகே மனம் சற்று அடங்கியது.

சிமென்ட் விஷயத்தில் தவறு என்னுடையது. மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கச் சொல்லியிருந்தார்கள். பலகை போட்டேன், தள்ளி அடுக்கவில்லை. சுவரை ஒட்டியிருந்த மூன்று மூட்டைகளில், விரலால் நசுக்கினாலும் உடையாத கட்டிகள். மூன்றையும் ஒதுக்கிவிட்டோம்.

அக்டோபர் 13, திங்கள்

தரைக்குக் கீழே கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் மழைநீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது. உட்பூச்சுக்கு முன் சுத்தம் செய்துவிடலாம் என்று மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி ஓடிவந்து தடுத்தார். தொட்டியைச் சுற்றி இன்னும் மண் நிரப்பாத குழியில் விளிம்புக்கு அரை அடி கீழே வரை தண்ணீர் நின்றது. அந்த நிலையில் உள்ளே இருப்பதை இறைத்துவிட்டால் தொட்டி படகு போல மேலெழும்பிவிடும் என்றார். முதலில் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிநீரில் அமிழ்ந்திருக்கும் ஒவ்வொரு 1,000 லிட்டர் கொள்ளளவுக்கும் ஒரு டன் விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. 10,000 லிட்டர் தொட்டி காலியானால் அதன் அடித்தளமும் சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ பத்து டன் தள்ளுதலைத் தாங்க வேண்டும். மூடித் தளம்கூட இன்னும் போடாத தொட்டிக்கு அந்த எடை கிடையாது. மோட்டாரை எடுத்து வெளிக்குழியில் போட்டோம். தொட்டிக்குள் சேற்று நீர் அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டு நாட்கள் வானம் தெளிந்திருந்ததால் இன்று தளம் போடத் தொடங்கினோம். காலை ஆறரைக்கே கலவை இயந்திரம் ஓடியது. மணல் நனைந்திருந்ததால் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு வழக்கமாக ஊற்றும் 25 லிட்டர் தண்ணீரைவிடக் குறைவாக ஊற்றச் சொன்னார் பொறியாளர். ஒரு மூட்டைக்குச் சேரும் 75 கிலோ அளவிலான மணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் நாம் ஊற்றாமலே உள்ளே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஈர மணல் உப்பி அளவுப் பெட்டியை நிரப்பிவிடுவதால் உண்மையில் விழும் மணலும் குறைவு. கலவை ஓடுகிறதா, நிற்கிறதா என்று மேஸ்திரி கரணையால் வெட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தபோது, இரண்டேகாலுக்கு, மேற்கே கறுத்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் முடித்துவிடலாம் என்று நான் வற்புறுத்தினேன். மேஸ்திரி என்னைப் பார்க்கக்கூட இல்லை. சுவருக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் நடுப்பங்கில் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதுவரை கலவையை வைப்ரேட்டரால் (அதிர்வுக் கருவியால்) இறுக்கி, நேர்க்கோடாக முடிக்கச் செய்தார். பாலித்தீன் விரிப்பு கடைசி மூலையை எட்டுவதற்குள் மழை இறங்கிவிட்டது. மூடாத அந்த மூலையில் ஒவ்வொரு துளியும் ஒரு குழி பறிக்க, சாம்பல் நிறப் பால் பலகை இடுக்கு வழியாக வழிந்ததைப் பார்த்தபடி நின்றேன். ஒருவர் அதன் மேல் உலர்ந்த சிமென்டைத் தூவித் தேய்க்கப் போனார். தேங்கிய நீரோடு தேய்த்தால் மேற்பரப்பு பின்னாளில் பொருக்காக உரியும் என்று மேஸ்திரி அவரை அதட்டி விலக்கினார்.

அக்டோபர் 22, புதன்

மீதிப் பங்கு முடிந்தது. அதற்கு முன் நிறுத்திய விளிம்பை ஜல்லி தெரியும்வரை கொத்தி, தூசியைக் கழுவி, சிமென்ட் பாலைப் பூசி, அது காய்வதற்குள் புதுக் கலவையைச் சேர்த்தார்கள். குழி விழுந்த மூலையில் சிமென்ட் போய் வெறும் மணலாகத் தேய்ந்த பகுதி விரற்கடை ஆழத்துக்கும் குறைவுதான், அதைச் சுரண்டியெடுத்துவிட்டோம்.

அக்டோபர் 24, வெள்ளி

மழைதான் பெய்கிறதே, தண்ணீர் ஊற்றுவானேன் என்று நேற்று பாத்தி (புதுத் தளம் காயாதபடி மேலே நீரைத் தேக்கும் சிறு வரப்பு) கட்டாமல் விட்டுவிட்டார்கள். இன்று காலை இரண்டு மணி நேர வெயிலிலேயே தளம் வெளுத்துவிட்டது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அதைவிடக் கவலைக்குரியது கீழே இருந்தது: நிரப்பு மண்ணில் நின்று தளத்தைத் தாங்கும் மூன்று முட்டுகளின் அடி ஊறி இறங்கி, மேலே நாணயம் நுழையும் இடைவெளி. அடியில் அகலப் பலகை கொடுத்து, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் ஆப்பு வைத்தார்கள். ஓங்கி அடித்தால் இளந்தளம் மேலே தூக்கப்பட்டுக் கீறிவிடுமாம்.

நவம்பர் 14, வெள்ளி

இருபத்தொரு நாட்கள் தாண்டியாயிற்று. முட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் வரிசையாகக் கழற்றினார்கள். இணைப்பு வந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நிறம் சற்று அடர்த்தியாக இருந்தது; காகிதத்தை வைத்து ஒற்றிப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. இருந்தாலும் மேல்பூச்சுக்கு முன் அங்கே ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம் என்றேன். "எதுக்கு சார், நாளைக்கு மழைதானே" என்றார் மேஸ்திரி.