வெடிமருந்தைச் சந்தேகித்த மூன்று வாரம்

முதல் தோட்டா 2,588. இரண்டாவது 2,702. மூன்றாவது 3,118. நான்காவதுக்கு எண்ணே வரவில்லை, திரையில் 'எரர்' என்று மட்டும் வந்தது.

எல்லாம் தோட்டாவின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் என்ற கருவி காட்டியவை, வினாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கு. துப்பாக்கி 308 வின்செஸ்டர், 24 அங்குலக் குழல். டெக்சாஸில் எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 1,000 கஜப் போட்டிக்கு என்று நானே தயார் செய்த தோட்டாக்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அளவுக்கு அமுக்கி, புது ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, சியரா கம்பெனியின் 175 கிரெய்ன் எடைக் குண்டைச் செருகியிருந்தேன். மருந்தின் அளவு கையேட்டில் போட்டிருந்ததுதான், அதுவும் கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தது. இதே எடைக் குண்டுக்கு, கடையில் விற்கும் ஃபெடரல் கோல்ட் மெடல் தோட்டாப் பெட்டியில் 2,600 என்று போட்டிருக்கும். நான் எதிர்பார்த்ததும் அதை ஒட்டித்தான்.

3,118 என்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கையேட்டைத் தாண்டி வேகம் வந்தால் அது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். கூட்டை எடுத்துப் பார்த்தேன். அழுத்தம் ஏறியிருந்தால் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை: ப்ரைமர் தட்டையாகவில்லை, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் இறுகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மேற்கொண்டு சுடவில்லை. வீட்டுக்கு வந்து மீதி இருந்த தோட்டாக்களைப் பிரித்து மருந்தை மறுபடி நிறுத்தேன். அளவு சரியாகவே இருந்தது. அடுத்த வாரமும் இதே கூத்து. ப்ரைமரை மாற்றினேன், கூட்டை மாற்றினேன், எண்கள் மட்டும் அடங்கவில்லை.

மூன்றாவது வாரம், பக்கத்து மேசையில் சின்ன 22 துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "முதலில் உன் க்ரோனோகிராஃபைச் சோதித்தாயா?" என்று கேட்டார். அவரிடம் ஈலி டெனெக்ஸ் என்ற 22 போட்டித் தோட்டா இருந்தது. அந்தப் பெட்டியில் லாட் எண்ணோடு வேகமும் அச்சாகியிருக்கும், 1,060 போல. வேறு குழலில் எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் ஒரே பெட்டித் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். என் கருவி வழியாகப் பத்து சுட்டார். அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் 90 அடி வித்தியாசம். குற்றவாளி யார் என்று அப்போதுதான் புரிந்தது.

என்னிடம் இருந்தது ஒளியை நம்பும் மலிவு க்ரோனோகிராஃப். ஒரு கம்பியில் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு கண்கள். குண்டின் நிழல் முதல் கண்ணைக் கடந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதைக் கடந்ததும் நிற்கும். 2,600 அடி வேகத்தில் அந்த இரண்டு அடிக்கு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது, முக்கால்தான். கண்களின் இடைவெளி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினாலே ஏழு அடி தப்பு வரும்.

நான் அதைக் குழல் முனையிலிருந்து ஆறடியில் வைத்திருந்தேன். முனையிலிருந்து பாயும் காற்றும் புகையும் முதல் கண்ணைத் தொட்டு நேரக்கணக்கைக் குழப்பிவிடும். 3,118 பிறந்தது அப்படித்தான். போதாததற்கு உச்சிவெயில். மேகமூட்டமான நாளில் ஒழுங்காக வேலை செய்யும் கண்கள், பளிச்சென்ற வெயிலில் குண்டின் செம்பு மினுங்குவதைப் பார்த்துத் தடுமாறும். மேலே மாட்ட வேண்டிய வெள்ளை பிளாஸ்டிக் மறைப்புகளை நான் காரிலேயே விட்டிருந்தேன்.

பதினைந்து அடிக்குத் தள்ளி, மறைப்பு மாட்டி, கம்பியைக் குழலுக்கு இணையாகத் திருப்பினேன். டெனெக்ஸ் 30 அடிக்குள் அடங்கியது. சரி, இனி நம் தோட்டா என்று உட்கார்ந்து ஸ்கோப்பில் பார்த்தேன். கருவிக்கு மேலே வழி தாராளமாகத் தெரிந்தது. சுட்டேன். பிளாஸ்டிக் சில்லுகள் பறந்தன. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து அடி தூரத்தில் குண்டு ஏறக்குறைய அதே அளவு கீழேதான் போகும். மறைப்பைத் தாங்கும் முன் கம்பி ஒன்று பாதியாக நின்றது. பெரியவர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். கண்கள் தப்பியதால் டேப் ஒட்டிப் பிழைத்தேன்.

அப்புறம் ஒரு நண்பரிடம் கார்மின் ஸீரோ வாங்கி வந்தேன், 2023-இல் வந்த உள்ளங்கை அளவு ரேடார். குழலுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தால் போதும், அதன் ஊடாகச் சுட வேண்டியதே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பழைய கருவி ஒவ்வொரு தோட்டாவுக்கும் 14 அடி வாக்கில் குறைவாகக் காட்டியது. ரேடார் சொல்வது குழல் முனை வேகம். பதினைந்து அடி போவதற்குள் குண்டு ஒன்பது பத்து அடி இழந்துவிடும். மிச்சம் நாலைந்து அடிதான் கருவியின் பிழை. அந்த விலைக்கு அது மோசமில்லை.

ரேடாரை வைத்து இருபது தோட்டா சுட்டேன். மூன்று சுட்டுச் சொல்லும் எண்ணுக்கும் கிளி ஜோசியத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் வித்தியாசம் 41 அடி வந்தது. 1,000 கஜத்தில் பத்து அடி வேகம் மாறினால் மூன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ போகும். அப்படியென்றால் என் தோட்டாக்கள் 14 அங்குலம் சிதறும், பத்துப் புள்ளி வளையமோ மொத்தமே 20 அங்குலம். இந்த முறை கருவியைக் குறை சொல்ல முடியாது.

குறிப்பேட்டைப் பார்த்தேன். மெதுவான ஐந்து தோட்டாவும் ஒரே தட்டில் இருந்தவை, மாலையில் தயார் செய்தவை. அன்று மாலை கராஜில் தலைக்கு மேலே மின்விசிறி ஓடியது. டெக்சாஸ் ஆகஸ்டில் அது ஓடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆனால் 0.1 கிரெய்ன் என்பது ஆறரை மில்லிகிராம். அந்தக் காற்றில் தராசுத் தட்டு அதைவிட அதிகமாகவே ஆடும்.

விசிறியை நிறுத்திவிட்டு, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இன்னொரு இருபது தயார் செய்து, சுட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 22.